பாட்டரி வைத்தியம்

நாடி பார்த்தே நோயைச் சொல்லிவிடும் வைத்தியர்களைப் பற்றி நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பாட்டரிக்கு நாடி பார்க்கிற ஒருவரை நான் திருக்கனூரில் கண்டேன். புதுச்சேரிக்கு மேற்கே, விழுப்புரம் எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர் அது. சுற்றிலும் நெல்லும் கரும்பும். ஆகவே டிராக்டருக்குக் குறைவில்லை. பாட்டரி வியாதிக்கும் குறைவில்லை.

நான் போயிருந்தபோது, ஒரு பெரியவர் மொபெட்டின் முன்புறத்தில் பாட்டரியை வைத்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"செத்துப்போச்சு தம்பி. நடவு நேரத்துல இப்படிப் பண்ணிடுச்சே! புதுசு வாங்கினா உரத்துக்கு வச்சிருக்கிற பணம் போயிடும்" என்றார்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. டெர்மினல்களில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவினார். ஆறு மூடிகளையும் திறந்து பார்த்தார். இரண்டு செல்களில் தகடுகள் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன.

"வண்டி எத்தனை நாளா நிக்குது, ஐயா?"

"அறுப்பு முடிஞ்சதுலேருந்து கொட்டகையிலதான் கிடக்குது. ரெண்டு மாசம் இருக்கும். ஓட்டாத வண்டியில பாட்டரி எப்படித் தம்பி கெடும்?"

விஷயமே அங்கேதான் இருக்கிறது. பாட்டரி கரண்ட் கொடுக்கும்போது அமிலத்தில் உள்ள சல்பேட் ஈயத் தகடுகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றினால் அது திரும்ப அமிலத்துக்கே வந்துவிடும். சும்மா கிடக்கிற பாட்டரியோ தன் சக்தியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் தகட்டில் ஒட்டிய சல்பேட் கல்லாக இறுகிவிடும். உழைத்துக் கெட்ட பாட்டரியைவிடச் சும்மா கிடந்து கெட்டதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஈய பாட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் கஸ்தோன் ப்ளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியை விட்டுப் போய்விட்டார்கள். ப்ளாந்தே மட்டும் ஒவ்வொரு டிராக்டரிலும் குடியிருக்கிறார்!

"ஆசிட் குறைஞ்சிருந்தா கொஞ்சம் ஊத்திடேன்" என்றார் பெரியவர்.

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "குறைஞ்சது தண்ணி ஐயா, ஆசிட் இல்லை. ஆசிட்டை ஊத்தினா தகடு அரிச்சுப் போயிடும்!"

போர் தண்ணீரும் உதவாது. அதில் கலந்திருக்கிற உப்புகள் தகட்டைக் கெடுக்கும். டிஸ்டில்ட் வாட்டரைத் தகடு மூழ்குகிற அளவுக்கு மட்டும் விட்டு, சார்ஜில் போட்டார். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடியை எடுத்தார். கடைக்காரர் அதைப் பிடுங்காத குறைதான். சார்ஜ் ஏறும்போது வருகிற ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும், பாட்டரியே வெடித்துவிடும்.

மறுநாளும் போனேன். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை, ஹைட்ரோமீட்டர் என்பார்கள், ஒவ்வொரு செல்லிலும் விட்டு அமிலத்தை உறிஞ்சினார். அதற்குள் ஒரு மிதவை. அமிலம் கெட்டியாக இருந்தால் உயர்ந்து நிற்கும். 1260-க்கு மேல் நின்றால் நிறைந்த பாட்டரி. 1120-க்கு இறங்கினால் காலி. ஐந்து செல் நன்றாயிருந்து ஒன்று மட்டும் ஐம்பது புள்ளிக்கு மேல் தாழ்ந்திருந்தால், அந்தச் செல்லின் கதை முடிந்தது என்று கொள்ளலாம். வோல்ட் மீட்டர் இவ்வளவு விவரம் சொல்லாது. மூடி திறக்க முடியாத புதுமாதிரி பாட்டரிகளுக்கு அதுதான் கதி. சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்து 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி.

பெரியவர் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். 1240, 1240, 1230, 1240, 1230, 1220.

"சாகலை ஐயா. ஆனா தளர்ந்திருக்கு. இந்தப் போகத்துக்கு ஓடும். அடுத்த போகத்துக்கு நான் ஜவாப்தாரி இல்லை. சும்மா நிக்கிற காலத்துல மாசம் ஒரு தடவை கொண்டாந்து சார்ஜ் போடுங்க."

"இந்தப் போகம் ஓடினாப் போதும் தம்பி" என்று பெரியவர் பாட்டரியைத் தூக்கி மொபெட்டில் வைத்தார்.

"மைனஸ் வயரைக் கடைசியா மாட்டுங்க!" என்று பின்னாலிருந்து கடைக்காரர் கத்தினார்.