ரிகார்டோ பாடத்தில் இல்லாத கேள்வி



தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும். இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி நடத்துகிற, மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிற என் மாணவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

1997-98ஆம் வருட பிளஸ் டூ வகுப்பு. டேவிட் ரிகார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். உங்களில் பலருக்கு அந்தப் பாடம் நினைவிருக்கும். 1817இல் அவர் எழுதிய உதாரணம்: இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் செய்யட்டும், இரண்டும் மாற்றிக்கொண்டால் இரண்டு நாட்டுக்கும் லாபம். கரும்பலகையில் கட்டம் போட்டு, கணக்குப் போட்டு, "இதுதான் நம்ம திருப்பூர் கதையும்" என்று பெருமையாகச் சொன்னேன்.

கடைசி பெஞ்சுக்கு முன் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். "சாருங்க, ரெண்டு நாட்டுக்கும் லாபம்னு சொன்னீங்க. அந்தத் துணியத் தெச்சவங்களுக்கு அதுல எவ்வளவுங்க கெடச்சுது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "அது பாடத்துல இல்ல கண்ணு, உக்காரு" என்றேன். பரீட்சைக்கு வராத கேள்விக்கு அந்த நாளில் என்னிடம் அதுதான் பதில்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் சொல்லவில்லை. எழுதலாமா என்று கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்க சார்" என்றாள்.

வெளியூரில் இருக்கிற பேரன் பேத்திகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை. இந்த ஊர் முதலில் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் போட்ட ஊர். எழுபதுகளின் கடைசியில்தான் ஐரோப்பிய வியாபாரிகள் இங்கே வரத் தொடங்கினார்கள். 1990இல் ஏற்றுமதியாளர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள். மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் பவர் டேபிளில் உட்கார்ந்தார்கள். முப்பது வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலில் செருப்பு வந்தது, பிறகு ஷூ வந்தது. பெண்கள் தங்கள் பெயரில் சீட்டுக் கட்டினார்கள். வெளிநாட்டு வியாபாரம் இந்த ஊருக்கு நல்லது செய்யவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் வகுப்பறை ஜன்னலிலேயே அதைப் பார்த்தவன் நான்.

2004 கடைசியில் அந்தப் பெண் கணவனோடு என் வீட்டுக்கு வந்தாள். கணவர் கட்டிங் மாஸ்டர். ஆறு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார்கள். "கடன் வாங்கி இருபது மெஷின் போடலாமாங்க சார்? நீங்க என்ன சொல்றீங்க?"

நான் பெரிய விளக்கமே கொடுத்தேன். 1974இலிருந்து பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் இவ்வளவு துணிதான் என்று கோட்டா வைத்திருந்தன. 2005 ஜனவரி 1ஆம் தேதி அந்தக் கோட்டா முழுவதும் ஒழிகிறது. "கதவு தெறக்கப் போகுது கண்ணு, தைரியமாப் போடு" என்றேன். வாத்தியார் வாக்கு என்று போட்டார்கள்.

கதவு திறந்தது உண்மை. ஆனால் அது எல்லோருக்கும் சேர்த்துத்தான் திறந்தது என்பதை நான் சொல்லவில்லை. சீனா, வங்கதேசம், வியட்நாம் எல்லாரும் அதே கதவில் நின்றார்கள். ஐரோப்பாவுக்குள் நம் சட்டைக்கு அப்போது கிட்டத்தட்ட 10 சதவீத வரி இருந்தது, வங்கதேசத்துச் சட்டைக்கு வரியே இல்லை. வாங்குகிறவன் விலையை ஒவ்வொரு சீசனுக்கும் இறக்கினான். 2008இல் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டதும் ஆர்டர் சுருங்கியது. 2011 ஜனவரியில், நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்காக சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேல் மூடின. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயிகள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் சாயம் ஏறாமல் துணி வராது, துணி வராமல் தையல் இல்லை. அவள் பதினான்கு மெஷினை விற்றாள். தாலிக்கொடி அடகுக்குப் போனது. கணவர் வேறு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். எல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போது அவள் என்னிடம் வரவில்லை. வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

பிறகு மெதுவாக எழுந்தார்கள். கொரோனாவையும் தாண்டி மறுபடி பதினெட்டு மெஷின். இருபத்திரண்டு பெண்கள், அதில் ஆறு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்.

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி, இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான் இருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் போன் வந்தது. "சாருங்க, மெஷின எடுத்துப் போட்டறலாமுன்னு இருக்கறோம். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடலாம்னுதான்..."

இந்த முறை போனில் விளக்கம் சொல்லவில்லை. அடுத்த நாள் பஸ் ஏறி அவள் கம்பெனிக்கே போனேன். இரண்டு சாயங்காலம் அவள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்தேன். நாற்பது வருடம் நான் நடத்திய பாடத்தை அன்றைக்குத்தான் நான் படித்தேன்.

உதாரணமாக ஒரு காட்டன் டி-சர்ட். தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போது விலை 3 டாலர், அதாவது அன்றைய கணக்கில் ஏறக்குறைய 260 ரூபாய். அமெரிக்காவில் பழைய வரி 16.5 சதவீதம், கிட்டத்தட்ட அரை டாலர். அன்றைய புதிய வரி அதன்மேல் ஒன்றரை டாலராக இருந்தது. ஆக 3 டாலர் சட்டைக்கு வரி மட்டும் 2 டாலர் ஆனது. இந்த வரியைக் கட்டுவது அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவர், நாமல்ல. ஆனால் அவர் உடனே இங்கே மெயில் போடுகிறார்: "பாதியை நீ ஏற்றுக்கொள், இல்லையென்றால் ஆர்டர் வேறு நாட்டுக்கு." ஏற்றுமதியாளருக்கும் வேறு வழி இல்லை. அவர் எதில் குறைப்பார்? நூல் விலையை மில் சொல்கிறது. சாயக்கூலியில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவும் சேர்ந்திருக்கிறது, அது குறையாது. கரண்ட் பில்லிடம் பேரம் பேச முடியாது. பேசிக் குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: தையல் கூலி.

அவளுக்கு ஒரு பீசுக்கு 24 ரூபாய் கொடுத்தவர்கள் 20 ரூபாய் என்றார்கள். வாடகை, கரண்ட், நூல்கண்டு, ஊசி, மெக்கானிக் எல்லாம் போக அந்த 24இல் பாதிக்குச் சற்று மேல்தான் தைக்கிறவர்கள் கைக்குப் போகும். 4 ரூபாய் குறைந்தால் அது எங்கே இறங்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். விலையை விட மோசம் காத்திருப்பு. சரக்கு தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய், பெரிய கப்பல் மாறி, போக வேண்டிய ஊர் போய்ச் சேர வேண்டும். 2023 கடைசியிலிருந்து செங்கடலில் தாக்குதல் பயத்தால் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. அதில் பத்து நாளுக்கு மேல் கூடுதல். வாங்கியவர் அறுபது, தொண்ணூறு நாள் கழித்துப் பணம் அனுப்புவார். அதுவரை ஏற்றுமதியாளர் காத்திருக்கிறார். அவருக்காவது வங்கி இருக்கிறது. அவரிடம் பணம் வரும்வரை இவள் காத்திருக்கிறாள். இவளுக்கு இருப்பது வட்டிக்காரர். கப்பல் சுற்றிப் போகலாம், சனிக்கிழமைச் சம்பளம் சுற்றிப் போகாது. அவளுக்கு வர வேண்டிய பில் நான்கு மாதமாக நின்றிருந்தது. அந்தப் பணம் ஒரு பெரிய கம்பெனிக்கு இவள் வட்டியில்லாமல் கொடுத்த கடன்தானே?

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அந்தப் பெரிய கம்பெனிகளிலும் என் மாணவர்கள் இருக்கிறீர்கள்.

2006ஆம் வருடச் சிறுதொழில் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். வருமான வரியிலும் இப்போது அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். இந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அந்தச் செலவைக் கணக்கில் கழிக்க முடியும். அவளிடம் உத்யம் பதிவே இல்லை. செல்போனிலேயே இலவசமாகச் செய்யலாம் என்பது தெரியாமல் இருந்திருக்கிறாள். என் பேத்தி உட்கார்ந்து அரை மணி நேரத்தில் செய்து கொடுத்தாள். ஜாப் ஒர்க் செய்கிற எல்லோரும் இதை முதலில் செய்யுங்கள்.

அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். மிரட்டல் ஒன்றுமில்லை, சட்டத்தையும் பில் தேதிகளையும் மட்டும் குறிப்பிட்டோம். தீபாவளிக்கு முன் இரண்டு மாதப் பாக்கி வந்தது. மீதி இன்னும் வரவில்லை. வந்ததில் எல்லோருக்கும் பாதி போனஸ் கொடுத்தாள். மெஷினை விற்கவில்லை. காதர்பேட்டை வியாபாரி ஒருவரிடம் குழந்தைகள் துணிக்கு ஆர்டர் பிடித்திருக்கிறாள். கூலி குறைவு, ஆனால் வாராவாரம் பணம். ஒடிசாவிலிருந்து வந்த நான்கு பெண்களுக்கு வேலை கொடுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த அன்றைக்கு அவள் என்னிடம் பேசவில்லை.

இதற்குப் பிறகு வங்கதேசத்தைப் போட்டியாளர் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2013 ஏப்ரலில் டாக்காவுக்குப் பக்கத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விரிசல் தெரிந்த பிறகும் அவர்களை உள்ளே போகச் சொன்ன அவசரம், இங்கே 24 ரூபாயை 20 ஆக்கச் சொல்கிற அதே அவசரம்தான்.

மாணவச் செல்வங்களே, நான் வியாபாரத்துக்கு எதிரியாகிவிடவில்லை. நாளைக்கு வரி குறையும், புது ஒப்பந்தம் வரும், ஆர்டர் வரும். வரட்டும். அப்போது லாபம் எந்த வேகத்தில் கீழே இறங்குகிறது என்றும் பாருங்கள். நஷ்டம் மட்டும் ஒரே மெயிலில் இறங்கிவிடுகிறது. உங்கள் மேஜைக்கு வருகிற ஜாப் ஒர்க் பில்லை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒதுக்கும்போது இந்த வாத்தியாரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

கடைசியாக அவளிடம் இருபத்தேழு வருடக் கடனைத் தீர்த்தேன். "அன்னைக்கு நீ கேட்ட கேள்விக்கு உக்காருன்னு சொன்னது தப்பு கண்ணு. 2004ல கதவு தெறக்குதுன்னு மட்டும் சொன்னதும் தப்பு" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குங்க சார் இப்ப... டீ ஆறுது, குடிங்க" என்றாள். அந்தக் கேள்வி அவளுக்கு நினைவே இல்லையாம்.

அன்புடன்,
உங்கள் பொருளாதார வாத்தியார்