மோனா லிசாவுக்கு எதிரே ஒரு கல்யாண விருந்து!

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில், மோனா லிசா இருக்கும் அறையில் எந்நேரமும் கூட்டம்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுக்கும் பலர் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பார்த்தால், எதிர்ச்சுவரில் பிரமாண்டமாக ஒரு கல்யாண விருந்து!

வெரோனீசே வரைந்த ‘கானாவூர் திருமணம்’ அது. உயரம் 6.77 மீட்டர், அகலம் ஏறக்குறைய 10 மீட்டர். பைபிள் கதைதான்: கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துவிடுகிறது, ஜாடிகளில் நிரப்பிய தண்ணீரை இயேசு ரசமாக்குகிறார்.

ஓவியத்தில் சுமார் 130 பேர். நடுநாயகமாக இயேசு. மணமக்களோ இடது ஓரத்தில்! முன்னால் இசைக் கச்சேரி நடக்கிறது. ஒரு பெண்மணி பல் குத்துகிறார். வலப்பக்கம் ஜாடியைப் பிறாண்டுகிறது ஒரு பூனை. கலிலேயா கிராமத்துக் கல்யாணத்துக்கு வெனிஸ் செல்வந்தர்கள் பட்டு உடுத்தி வந்ததுபோல இருக்கிறது.

காரணம் உண்டு. இந்த விருந்தின் சொந்த வீடு வெனிஸ். சான் மார்கோ சதுக்கத்துக்கு எதிரே, படகில் சில நிமிடங்களில் சான் ஜார்ஜோ மஜோரே தீவு. அங்குள்ள மடத்தில் துறவிகள் சாப்பிடும் கூடத்தைக் கட்டியவர் பல்லாடியோ. அதன் கடைசிச் சுவருக்காக 1562-ல் ஒப்பந்தம் போட்டு, 15 மாதங்களில் முடித்தார் வெரோனீசே. கூலி 324 டுகாட், சாப்பாடு, ஒரு பீப்பாய் வைன்! படத்தில் உள்ள தூண்களால், கூடமே சுவரைத் தாண்டி நீள்வதுபோலத் தெரியும். துறவிகளும் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்த மாதிரி.

1797-ல் நெப்போலியனின் படை வந்தது. ஓவியத்தைத் துண்டுகளாக வெட்டி பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். நெப்போலியன் வீழ்ந்தபின் பல கலைப்பொருட்கள் இத்தாலிக்குத் திரும்பின. இது திரும்பவில்லை. பதிலுக்கு வெனிஸுக்குக் கிடைத்தது வேறொரு பிரெஞ்சு ஓவியம்.

210 ஆண்டுகளுக்குப் பின், 2007-ல் அந்த இடத்துக்கு ஒரு நகல் வந்தது. லூவரில் ஓவியத்தை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்து, அதே அளவில் உருவாக்கியது. நகல்தான். ஆனால் அந்தக் கூடத்தில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அதைக் காண்பவர்களுக்குத்தான், வெரோனீசே ஏன் இப்படி வரைந்தார் என்பது விளங்கும்.

பாரிஸ் போனால், மோனா லிசாவைப் பார்த்த கையோடு ஒருமுறை திரும்பி நில்லுங்கள். வெனிஸ் போனால், அந்தத் தீவுக்கும் படகேறுங்கள். விருந்தாளிகள் பாரிஸில் இருந்தாலும், பந்தி போட்ட இடம் அங்கேதான் இருக்கிறது.