இரண்டே அங்குலம்!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் செம்பாறை, தெருவெல்லாம் ஜீப், பிக்கப்! பக்கத்திலேயே கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா. அங்கே ஷேஃபர் மண்பாதை சுமார் 1,500 அடி கிடுகிடுவென்று இறங்குகிறது. 1950-களில் யுரேனியம் லாரிகள் ஓடிய பாதை. எட்டிப் பார்த்தால் அடிவயிறு கலங்கும்.

அதில் குடும்பத்தோடு இறங்க, என் சித்தப்பா மகன் தன் பிக்கப்பை 4 அங்குலம் உயர்த்தத் துடித்தான். "ஜோரா இருக்கும்ணா!"

மெக்கானிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யார் யார் ஏறுவாங்க?"

மூட்டுவலிக்காரச் சித்தி, இரண்டு குழந்தைகள், கூடார மூட்டை...

"அப்ப 2 அங்குலம் போதும்" என்றவர் விளக்கினார். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் உருண்டை இருந்த இடத்திலேயே தொங்கும்; அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. உயரம் கூடினால் வளைவில் வண்டி அதிகம் சாயும். முன் ஆக்சில் மூட்டுகள் சீக்கிரம் தேயும். சுமைக்கேற்ற ஸ்பிரிங் போட்டு, வீல் அலைன்மென்டும் பார்த்துக் கொடுத்தார்.

லோ கியரில் ஊர்ந்து இறங்கினோம். அடியில் ஒரு கல்கூட இடிக்கவில்லை. கீழே, ஆகாசம் தொடும் உயரத்தில் இன்னொரு பிக்கப். சித்தி அண்ணாந்து பார்த்தார்.

"ஏன்டா, அவங்க வீட்ல பெரியவங்களே கிடையாதா?"