எட்டு லிங்கம், நாலு கெண்டைக்கால்

நடு ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் கெண்டைக்கால் சதையை யாராவது ஈரத் துணி மாதிரி முறுக்கிப் பிழிந்ததுண்டா? உண்டென்றால் மேலே படியுங்கள். இல்லையென்றாலும் படியுங்கள். உங்களுக்கும் வயசாகும்.

அகராதியில் இதற்குக் குரக்குவலி என்று பெயர். எங்கள் வீட்டில் 'நரம்பு சுண்டி இழுக்குது'. எனக்கு வாரத்துக்கு மூன்று நாள் இழுத்தது. முதல் தடவை நான் போட்ட கூச்சலில் என் மனைவி திருடன் என்று நினைத்து, விளக்கைப் போடாமல் பூரிக்கட்டையைத் தேடினாள். (திருடனுக்கு முன் நான் இருக்கிறேன் என்பது பூரிக்கட்டைக்குத் தெரியாது.)

மறுநாளிலிருந்து இலவச வைத்தியம். 'வாழைப்பழம் சாப்பிடு' என்றார் எதிர் வீட்டுக்காரர். 'படுக்கைக்கு அடியில சோப்பு வை' என்றார் ஆபீஸ் நண்பர். நாலு நாள் என் படுக்கை சந்தன வாசனையாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொருவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கச் சொன்னார். அது வேறு வியாதிக்கு ஸார் என்றேன். 'எல்லாம் இழுப்புதானே' என்றார்!

கடைசியில் மாடி வீட்டு மாமிதான் தீர்ப்பு சொன்னார். "திருவண்ணாமலை போ. இடுக்குப் பிள்ளையார்ல நுழைஞ்சு வா. கை கால் வலி எல்லாம் பறந்துடும்."

நான் பி.காம். படித்தவன். செலவில்லாத யோசனை எதையும் உடனே நிராகரிப்பதில்லை. பௌர்ணமியும் சனிக்கிழமையில் வந்தது. நான் பையை எடுத்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"எனக்கும் அதே கெண்டைக்கால் வலிதான்டா. நானும் வரேன்."

அப்பாவுக்கு அறுபத்தேழு வயது. முப்பது வருஷம் அச்சுக்கூடத்தில் நின்றுகொண்டே எழுத்துக் கோத்தவர். எழுத்து விட்டது, அச்சுக்கூடம் விட்டது, பீடி மட்டும் விடவில்லை. நின்று நின்று வந்த வலி என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை. பௌர்ணமி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவன் போன ஜென்மத்தில் கிரிவலம் வந்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றரை சீட் கிடைத்தது. இறங்கியபோது மணி ஒன்பது. 217 அடி ராஜகோபுரத்துக்கு மேலே நிலா, அதற்குப் பின்னால் 2668 அடி மலை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம்.

சுற்று வழி 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம் என்று திசைக்கொரு லிங்கம். தார் ரோடு பகல் வெயிலை இன்னும் வைத்துக்கொண்டிருந்தது. பாதத்தில் இதமாகத்தான் இருந்தது. சுக்குக் காப்பி, வெள்ளரிப் பிஞ்சு, தேங்காய் மூடி விளக்கு, ஒலிபெருக்கி, திண்ணையெல்லாம் சாமியார்கள். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிக் கூட்டம் செல்போனில் மலையையும் தங்களையும் மாறி மாறிப் படம் பிடித்துக்கொண்டு போனது. மலைக்கு இடம் கொஞ்சம்தான் கிடைத்தது.

அக்னி லிங்கம் தாண்டி, ரமணாசிரமம் தாண்டி, செங்கம் ரோட்டில் அப்பா நின்றார்.

"மலையைப் பாருடா, இங்கேருந்து எப்படி இருக்கு!"

பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றார். "இங்கேருந்து வேற மாதிரி இருக்கு பார்." எம லிங்கத்தில் கும்பிட்டு, அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார். இரண்டு நிமிஷம். எழுந்து ஜம்மென்று நடந்தார். ஐந்து நிமிஷத்தில் மறுபடி மலை அழகாகிவிட்டது.

அவருக்கு இவ்வளவு பக்தி எப்போது வந்தது என்று எனக்கு ஆச்சரியம். நிருதி லிங்கத்தில் எரிச்சல். வருண லிங்கத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "அப்பா, இப்படி நின்னு நின்னு போனா விடிஞ்சிடும்." அவர் பதில் சொல்லாமல் பீடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மலைச் சுற்றாயிற்றே என்று கையை எடுத்தார்.

அந்த வாக்கியத்தை நான் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

குபேர லிங்கத்தில் ஊரே பணம் கேட்டு நின்றது. நானும் கேட்டேன் (கிடைக்கவில்லை). அதைத் தாண்டி இடுக்குப் பிள்ளையார். சின்ன மண்டபம். பின்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கல்லுக்கு நடுவே ஊர்ந்து முன்பக்கமாக வர வேண்டும். வெளியே நின்று பார்த்தால் பூனைகூட யோசிக்கும் போலிருக்கிறது. ஆனால் என்னைவிடத் தாராளமான உடம்புக்காரர்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

பாதி வழி போனேன். இடுப்பை நகர்த்தக் கால் விரலைத் தரையில் ஊன்றி ஓர் உந்து உந்தினேன். பிடித்தது பாருங்கள்! வலது கெண்டைக்காலில், எந்த வலி போகவேண்டும் என்று வந்தேனோ அதே வலி. உள்ளே காலை நீட்ட முடியாது, மடக்க முடியாது. பின்னாலிருந்து "ஸார், சீக்கிரம்" என்று ஒரு குரல். நான் போட்ட சத்தத்தை பக்திப் பரவசம் என்று நினைத்து இரண்டு பேர் 'அரோகரா' சொன்னார்கள்.

எப்படியோ இழுத்து வெளியே போட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு பாட்டிதான் காப்பாற்றினாள். "முட்டிய மடக்காத சாமி. நேரா நீட்டு. வெரல ஒம் மொகத்தப் பாத்து இழு." இழுத்தாள். பத்து எண்ணுவதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. பிறகு நான் கேட்ட எந்த டாக்டரும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்துத் திண்டில் அப்பா சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு வலிக்கலையாப்பா?"

"உக்காந்தா போயிடுதே. நடந்தாத்தான் வரும். நின்னா போயிடும்."

"ராத்திரியில?"

"ராத்திரி எனக்கு எங்கடா வருது? நீ கத்தறதுலதான் முழிப்பே வருது."

சிரித்துவிட்டேன். அப்போது அவ்வளவுதான். ஈசானிய லிங்கத்துக்குள் இன்னும் இரண்டு தடவை நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனது என் காலுக்காகத்தான். என்னை இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். ராத்திரி இழுப்புக்குப் பெரும்பாலும் தனிக் காரணம் தெரிவதில்லையாம். தூக்கத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய, கெண்டைச் சதை சுருங்கிக் கிடக்கிறது, ஒரு சின்ன உதறலில் பூட்டிக்கொள்கிறது. சிலருக்கு நீர் பிரிய வைக்கும் மாத்திரைகளாலும் வரலாம். கர்ப்பிணிகளுக்குச் சகஜம். முன்பெல்லாம் கொய்னா கொடுப்பார்கள். ரத்தத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம் என்று 2006லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு எதிராக எச்சரித்துவிட்டது. "படுக்கப் போகுமுன் சுவத்துல கையை ஊனி, குதிகாலைத் தரையை விட்டு எடுக்காம முன்னால சாயுங்க. கெண்டைச் சதை இழுபடணும்" என்றார். நெதர்லாந்தில் 55 வயது தாண்டியவர்கள் தினமும் படுக்குமுன் இப்படிச் சதையை நீட்டிவிட்டு ஆறு வாரத்தில் பலன் கண்டதாக 2012ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

எழுந்திருக்கும்போது, பேச்சுவாக்கில், அப்பா மலையை ரசித்த கதையைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"நடந்தா வலி, நின்னா போயிடுதா? பீடி உண்டா? நாளைக்கே அழைச்சிட்டு வாங்க."

அது குரக்குவலியே இல்லை. காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. நடக்கும்போது சதை அதிக ரத்தம் கேட்கிறது. குழாய் தர மறுக்கிறது. நின்றால் கணக்கு நேராகிறது. புகையும் சர்க்கரையும் இதற்கு நெருங்கிய சொந்தம். காலில் அடைத்தால் இதயத்திலும் மூளையிலும் அடைக்கும் அபாயம் அதிகம் என்பதுதான் டாக்டர் சிரிக்காததற்குக் காரணம். கையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், கணுக்காலிலும் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டுமாம். அப்பாவின் கணுக்கால் வெகுவாகப் பின்தங்கியிருந்தது.

(ஒரே காலில் திடீரென்று வீக்கமும் வலியும் சூடும் வந்தால் அதையும் நரம்புப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டியது அது.)

அப்பாவுக்கு மாத்திரைகள் ஆரம்பமாயின. பீடி நின்றது, மூன்று தடவை. மூன்றாவது தடவை நின்றது நின்றபடியே இருக்கிறது. மூன்றாவதாக டாக்டர் எழுதிய மருந்துதான் வேடிக்கை: நடை. வலி வரும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. அரை மணி நேரம்.

தினமும் சாயங்காலம் நானும் கூடப் போகிறேன். முதலில் எங்கள் வீட்டிலிருந்து மின்சாரப் பெட்டி வரைதான் வந்தார். அப்புறம் ரேஷன் கடை. போன வாரம் மாரியம்மன் கோயில் வரை ஒரே மூச்சு. வழியில் மலை எதுவும் இல்லாததால், நிற்கும்போது "வலிக்குதுடா" என்றே சொல்லிவிடுகிறார்.