கிளம்பாத காரும் எங்கள் நோட்டும்

வாரம் இருமுறை பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டுப் பழைய காரின் கடமை. அதுவோ பத்து முறை கிளம்பும். பதினோராம் முறை ‘டக்’கென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பிற்குக் கொண்டுபோனாலோ, நல்ல பிள்ளையாக உடனே உறுமும்! புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை. விற்றுவிடலாம் என்றார் அப்பா. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா தங்கையரான நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். கார் கிளம்பாதபோதெல்லாம் எழுதினோம்: என்ன சத்தம்? என்ஜின் சூடா? முன்விளக்கு மங்கிற்றா? பேட்டரி இளைத்திருந்தால் சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்கும். எங்கள் விளக்கோ பளிச்சென்றே எரிந்தது. நோட்டைப் புரட்டிய மெக்கானிக் அண்ணன், “இது பேட்டரி இல்லம்மா” என்றார். கார் அடம்பிடிக்கும் வரை மீட்டரோடு எங்கள் வாசலிலேயே காத்திருந்தார். (மாலையில்தான் பிடித்தது, மூன்று டம்ளர் காப்பி ஆயிற்று.)

மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போனால் போதாது. பேட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். விளக்குக்குக் காரின் உடலே திரும்பும் வழி. ஸ்டார்ட்டருக்கோ, என்ஜினையும் உடலையும் இணைக்கும் எர்த் ஒயர் வேண்டும். சாவியைத் திருப்பியபோது பேட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குள் இருக்கவேண்டியது, 7 வோல்ட் காட்டிற்று. 12-இல் 7 வழியிலேயே வீண்! ஒயரின் போல்ட்டுக்கு அடியில் துரு. என்ஜின் ரப்பர் தாங்கிகளில் அசைய அசைய, ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது.

உப்புத்தாளால் தேய்த்து, புது ஒயர் மாட்ட அரை மணி நேரமே ஆயிற்று. அடுத்த முறை, ஸ்டார்ட் ஆனபின்தான் கதவைச் சாத்துவேன் என்று உட்கார்ந்திருந்தார் பாட்டி. சாத்தினார்.