மாப்பிள்ளையின் தட்டு

சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தபோது, ஹலால் சான்று பெற்ற ஒரு நண்டுக் கடைக்கு மாப்பிள்ளை அழைத்துப் போனார். எங்கள் பழவேற்காட்டு ஏரியின் சேற்று நண்டு விமானமேறிச் செல்லும் நாடு அது. பெரிய நண்டை ஊரிலே நாங்கள் உண்பது அரிது. ஆவலோடு ஒரு துண்டை அவர் தட்டிலும் வைத்து, "சாப்பிடுங்கள் மாப்பிள்ளை, கடல் உணவு ஹலால்தானே" என்றேன்.

அவர் ஆம்பூர்க்காரர், ஹனஃபி. அந்த மத்ஹபில் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகுமானது. நம் ஷாஃபிஈ நூல்களிலேயே நண்டைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. ஆண்டுதோறும் மத்ரஸாவில் நான் நடத்தும் பாடம் இது!

அவர் முகம் சுளிக்கவில்லை. தட்டை மெல்ல நகர்த்திவிட்டு, வேறு தட்டில் முட்டைச் சோறு கேட்டார். "உங்களுக்காகத்தான் மச்சான் இந்தக் கடையைத் தேடினேன், நீங்கள் சாப்பிடுங்கள்" என்றார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.