தறி இருந்த இடத்தில் எலி

பட்டு நூலில் எலிக்குத் தின்ன ஒன்றும் கிடையாது. ஆனால் பட்டுப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி வாசனை போதும். கூடு கட்ட மெத்தென்று ஏதாவது தேடும் சினை எலிக்குப் பட்டைவிட நல்ல பொருள் வேறு எங்கே கிடைக்கும்? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்ட வீடுகளில் எலி என்றால் அது தானியக் கணக்கு மட்டும் இல்லை. மூன்று சேலைக்கான பாவு ஒரே இரவில் பாழாகலாம். நூலும் ஜரிகையும் கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொள்வார்.

அங்கே ஒரு குடும்பம். தெருவைப் பார்த்த முன்பகுதியில் ஒரு காலத்தில் இரண்டு தறிகள் ஓடின. மூத்த மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போன பிறகு ஒரு தறியைப் பிரித்துப் பரணில் போட்டுவிட்டார்கள். குழியை மூடித் தளம் போட்டதும் அந்த இடம் மகனுடைய பைக் நிற்கும் கொட்டகையாகிவிட்டது. பழைய டயர், பெயின்ட் டப்பா, உடைந்த ராட்டை, கிழிந்த சாக்கு என்று வீட்டில் வேண்டாதது எல்லாம் அங்கேதான் சேர்ந்தது. அம்மாவுக்குப் பிறந்த வீட்டு வழியில் வந்த 70 சென்ட் நிலம் பாலாற்றுப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறது. தை மாதம் சம்பா அறுத்து, விற்றது போகச் சாப்பாட்டுக்கு வைத்த 9 மூட்டை நெல்லையும் அந்தக் கொட்டகையிலேயே சுவரோரமாக அடுக்கினார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

மாசி பிறந்ததும் மூட்டைக்கு அடியில் புழுக்கை தெரிந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பிய மகனுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சீட்டைக் கழற்றினால் உள்ளே ஒயர் கடிபட்டிருந்தது. காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் உமியும் சாக்கு நாருமாக ஒரு கூடு. எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்காவிட்டால் அதனால் வாயை மூட முடியாது. ஒயரைக் கடிப்பது பசிக்காக இல்லை. மெக்கானிக் கூலியோடு அன்றைய சம்பளமும் போனது.

அடுத்த வாரம் பாவு. தறியின் பின்பக்கம் சுருட்டிக் கட்டியிருந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின. பங்குனி உத்திரத்துக்குள் கொடுக்கவேண்டிய கல்யாணச் சேலை அது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடி போட்டார்கள். அதிலேயே இரண்டு நாள் போனது. முடி விழுந்த இடம் சேலையில் தெரியாமல் நெய்வது தனிக் கஷ்டம்.

"கடையில மருந்து வாங்கியாந்து சோத்துல பிசைஞ்சு வெச்சுடலாம்" என்றான் மகன்.

"குழந்தை தவழுற வீட்ல அது வேணாம்" என்றாள் அம்மா. மகள் பிரசவத்துக்கு வந்து இன்னும் மாமியார் வீட்டுக்குத் திரும்பவில்லை. பத்து மாதக் குழந்தை கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் போடும் வயது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2024 நவம்பரில் இதே மாவட்டத்துக் குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை ஊரே படித்தது. நெல் வயலில் வைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு (ஜிங்க் பாஸ்பைடு) ஈரமோ வயிற்று அமிலமோ பட்டால் பாஸ்பீன் என்ற விஷ வாயுவாக மாறும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் பசை இன்னும் கொடியது. சாப்பிட்டவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக நடமாடுவார். வீட்டார் பிழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். பிறகுதான் கல்லீரல் கைவிடும். இதனால் தமிழ்நாட்டில் போன உயிர்கள் ஏராளம். அரசு அதற்குத் தடை விதித்தது. புரோமடியலோன் கட்டிக்கு வைட்டமின் கே என்ற முறிவு உண்டு, உண்மைதான். ஆனால் அதைத் தின்ற எலி சாக நாலைந்து நாளாகும். சுவர்ப் பொந்துக்குள் போய்ச் செத்து நாறும். வெளியே வந்து தள்ளாடினால் பூனையோ கூகையோ அதைப் பிடித்துத் தின்று தானும் சாகும். வயலில் விஷம் வைப்பதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆள் படுக்கும் கூரைக்குக் கீழே அதற்கு இடம் இல்லை.

பசை அட்டை யோசனையும் வந்தது. ஒட்டிக்கொண்ட எலி இரவெல்லாம் கத்திக்கொண்டு உயிரோடு கிடக்கும். பயத்தில் மூத்திரம் பெய்யும். அதைக் கையால் எடுப்பவருக்கு எலிக்காய்ச்சல் வர வழி உண்டு. இந்திய விலங்குகள் நல வாரியமும் இது வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வீட்டில் பாட்டி வேறு, "பிள்ளையார் பேரு வெச்ச ஊர்ல அவரு வாகனத்த வதைக்காதீங்கடா. புடிக்கிறதுன்னா சட்டுனு முடியுற மாதிரி புடிங்க" என்று சொல்லிவிட்டார். பாட்டி சொன்னதில் பக்தியும் இருந்தது, புத்தியும் இருந்தது.

கடைசியில் கிராமத்து நிலத்தில் அறுவடைக்குப் பிறகு வரப்பில் எலி வெட்ட வரும் இருளர் பெரியவர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் விவசாயம் செய்பவர்களுக்கு இவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பானையின் அடியில் ஓட்டை போட்டு, வைக்கோலைப் புகைய வைத்து, வளைக்குள் ஊதி எலியை வெளியே வரவைப்பார்கள். வளையைத் தோண்டி எலி சேர்த்த நெற்கதிரையும் எடுப்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று இவர்கள் பிழைப்பு இழந்தபோது, 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்புக்கடி மருந்துக்கான விஷம் அங்கிருந்து போகிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற காலத்தில் யாருக்கு லாபம் என்று கேட்டால், எலிக்குத்தான். ஒரு சாரைப்பாம்பு வரப்பில் இருந்தால் அது செய்யும் வேலைக்கு நாம் கூலி கொடுப்பதில்லை.

பெரியவர் வந்ததும் பொறி எதையும் எடுக்கவில்லை. "கோலமாவு இருக்காம்மா?" என்று கேட்டார். சாயங்காலம் கொட்டகைத் தரையில் சுவரோரம், மூட்டை ஓரம், கதவடியில் மாவை மெல்லிசாகத் தூவச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் விளக்கை சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மாவில் வழி முழுவதும் எழுதி வைத்ததுபோல் இருந்தது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த இடத்தில் நின்று தின்கிறது எல்லாம் தெரிந்தது. கடையில் விற்கும் எந்தக் கருவியும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது.

"இங்க ரெண்டு சாதி இருக்குங்க" என்றார். அரிசி அளவுக்குச் சின்னதாக, இரண்டு முனையும் கூராக இருந்த புழுக்கை சுண்டெலியுடையது. அது மூட்டைக்குள்ளேயே குடியிருந்தது. நெல்லோடு சேர்ந்து மூட்டையிலேயே வந்திருக்கவும் கூடும். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீளமான புழுக்கை வீட்டெலியுடையது. அது ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்து இறங்கி வந்தது. தடுப்புச் சுவரைத் தாண்டித் தறிக்குப் போன கால்தடமும் அதனுடையதுதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேருக்குப் பொறி பலிப்பதில்லை. சுண்டெலிக்கு ஆர்வம் அதிகம். புதிதாக ஒன்றை வைத்தால் அன்றைக்கே போய் மோந்து பார்க்கும். வீட்டெலி சந்தேகப் பிராணி. புதுப்பொருளைக் கண்டால் நாள்கணக்கில் சுற்றிப் போகும். அதற்குப் பொறியை விசை போடாமல், உள்ளே தீனி மட்டும் வைத்து நாலைந்து நாள் விட வேண்டும். பயம் தெளிந்து வந்து தின்னப் பழகிய பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறிகளுக்கும் விசை போட வேண்டும். வயலில் மருந்து வைப்பவர்கள் முதல் இரண்டு மூன்று நாள் வெறும் பொரியை எண்ணெயில் பிசறி வைப்பதும் இதே கணக்குதான்.

ஆனால் பொறிக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருந்தது. "தீனிய நடுவுல வெச்சுக்கினு பொறியில கருவாடு வெச்சா எதுக்கு வரும்?" என்று பெரியவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மகனும் அப்பாவும் கொட்டகையைக் காலி செய்தார்கள். ஒன்பது மூட்டையையும் வெயிலில் கொட்டிப் புடைத்தபோது இரண்டு மூட்டைக்குள் குட்டிகளோடு கூடு இருந்தது. சுண்டெலிக்குச் சினைக்காலம் மூன்றே வாரம். ஓர் ஈற்றுக்கு ஐந்து முதல் எட்டுக் குட்டி. அந்தக் குட்டி ஆறு வாரத்தில் தானே சினைக்குத் தயார். தையில் வந்த ஒரு ஜோடி பங்குனிக்குள் எத்தனை ஆகும் என்பதை வீட்டில் யாரும் கணக்குப் போட விரும்பவில்லை. புடைத்து எடுத்தபின் நெல் ஏழரை மூட்டைதான் தேறியது. தின்றது கொஞ்சம், மூத்திரமும் புழுக்கையும் பட்டு மாட்டுக்குக்கூட ஆகாமல் போனது மீதி.

நல்ல நெல்லை மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பினார்கள். இடம் போதாமல் மிஞ்சிய இரண்டு மூட்டையை ஓரடி உயரப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். பின்னால் வெளிச்சம் விழும் இடத்தில் எலிக்குக் குடியிருக்கப் பிடிக்காது. பழைய டயரும் டப்பாவும் காயலான் கடைக்குப் போயின. தரையைக் காய்ந்த நிலையில் பெருக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறையோடு வழித்து எடுத்தார்கள். எலி மூத்திரத்தில் இருக்கும் கிருமி காலில் உள்ள சின்ன வெட்டு வழியாகவே உடம்புக்குள் போய்விடும். வெறுங்காலோடு தறிக்குழியில் நாள் முழுவதும் மிதிபலகை மிதிப்பவருக்கு இது வயலில் சேற்றில் நிற்பவருக்கு உள்ள ஆபத்துதான். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால், எலி இருக்கும் வீடு என்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிறகு பொறி. சுண்டெலிக்கு வறுத்த நிலக்கடலை, வீட்டெலிக்குத் தணலில் வாட்டிய தேங்காய்ச் சில்லும் கருவாடும். மரப்பொறியின் வாய் சுவரைப் பார்த்து இருக்கும்படி வைத்தார்கள். எலி நடுத்தரையில் ஓடாது, மீசை சுவரில் உரசும்படி ஓரமாகவே ஓடும். முதல் இரவே ஐந்து சுண்டெலி. மூன்று வாரத்தில் மொத்தம் 19. வீட்டெலிக்கு ஆறாம் நாள் விசை போட்டார்கள், அன்று இரண்டு, பிறகு இரண்டு. பிடிபட்டதைப் பெரியவர் எடுத்துப் போவார் என்று மகன் நினைத்திருந்தான். அவர் சிரித்தார். "வயல் எலிதாம்பா திங்கறது. அது நெல்லு தின்னு வளர்ந்தது. இது சாக்கடையில எத்த தின்னுச்சோ!"

கடைசியாக அடைப்பு வேலை. சுண்டு விரல் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும், மண்டை நுழைந்தால் உடம்பும் நுழையும். கதவடி இடைவெளிக்குத் தகரப் பட்டை, ஓட்டுக்கடியில் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை, சுவர்ப் பொந்துக்குக் கண்ணாடித் துண்டு கலந்த சிமென்ட், சாக்கடைக் குழாய் வாய்க்கு இரும்புச் சல்லடை. கந்தைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தால் ஒரே இரவில் குடைந்துவிடும். இதற்கு ஆன செலவு, பைக் ஒயருக்கு ஆனதைவிடக் குறைவு என்று மகன் கணக்குப் பார்த்துச் சொன்னான். அப்பா பதில் பேசவில்லை. சேலை உத்திரத்துக்கு இரண்டு நாள் பிந்திப் போனதில் கூலியில் பிடித்தம் விழுந்திருந்தது.

தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் இப்போது கோலமாவு தூவிப் பார்க்கின்றன. வரிசையாகச் சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் தெருவில் ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். இந்தக் குடும்பத்தில் சனிக்கிழமை இரவு மாவு தூவுவது பாட்டியின் வேலை. ஆடியில் ஒருநாள் ஒற்றை வரிசையாகச் சின்னக் கால்தடம் தெரிந்தது. கதவடித் தகரம் ஒரு மூலையில் விலகியிருந்தது. அன்றே ஆணி அடித்தார்கள், பொறியில் இரண்டு கடலை வைத்தார்கள். அடுத்த தைக்குள் தகரக் குதிர் ஒன்று செய்துவிட வேண்டும் என்று செங்கழுநீரோடை வீதிப் பக்கம் விலை விசாரித்து வைத்திருக்கிறாள் அம்மா.